மூலநிரலிலிருந்து நூலகங்களை நிறுவும்போது விடுபடும் சார்புகள்: கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

மூலநிரலைப் பதிவிறக்கி, விரித்து, கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற மூன்று கட்டளைகளை வரிசையாகக் கொடுத்தால் நூலகம் நிறுவப்பட்டுவிடும் என்றுதான் பெரும்பாலான ரீட்மீ கோப்புகள் சொல்கின்றன. நடைமுறையில் அந்த மூன்றில் ஏதேனும் ஒன்று, தனக்குத் தேவையான வேறொரு நூலகம் (அதாவது, ஒரு சார்பு) இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. உடனே அந்தச் செய்தியைத் தேடுபொறியில் இட்டு, கண்ணில் படும் முதல் பேக்கேஜை நிறுவிப் பார்ப்பது பலரின் வழக்கம். சில நேரங்களில் அது பலிக்கும். பலிக்காத நேரங்களில் தேவையற்ற பேக்கேஜ்கள் கணினியில் சேர்ந்துகொண்டே போக, பழைய பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

'நூலகம் இல்லை' என்பது ஒரே பிழையன்று. கட்டமைப்பின்போது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டோ, அதே வேலையைச் செய்யும் சிமேக் கருவியோ நூலகத்தைத் தேடுகிறது. கம்பைல் ஆகும்போது கம்பைலர், நூலகத்தின் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்பைத் தேடுகிறது. அதற்குப் பின், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றிணைக்கும் லிங்கர் நூலகக் கோப்பைத் தேடுகிறது. எல்லாம் முடிந்து நிரலை இயக்கும்போது, லோடர் அதே நூலகத்தை வேறொரு பெயரில், வேறோர் இடத்தில் தேடுகிறது. ஒன்று கண்டுபிடித்த இடத்தை மற்றொன்றுக்குத் தானாகச் சொல்வதில்லை. ஆகவே எதையும் நிறுவுவதற்கு முன்பு விடை காண வேண்டிய கேள்வி இதுதான்: எந்த நிரல், எந்தக் கோப்பை, எங்கே தேடித் தோற்றது? இந்த வழிகாட்டி லினக்ஸை முதன்மையாகக் கொண்டது. மேக்ஓஎஸ்ஸில் மாறுபடுவனவற்றைப் பிற்பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் பிழையைப் பிடித்தல்

திரையில் கடைசியாகத் தெரியும் வரி பெரும்பாலும் பயனற்றது. 'பிழை 2' என்று மேக் சொல்வது, உள்ளே ஏதோ ஒரு கட்டளை தோற்றது என்பதை மட்டுமே குறிக்கும். காரணம் அதற்கு மேலே எங்கோ இருக்கும். பல செயல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் ஜே விருப்பத்தைக் கொடுத்திருந்தால், தோற்ற கட்டளையின் செய்தி மற்றவற்றின் வெளியீட்டுக்குள் புதைந்துவிடும். எனவே பிழை வந்தவுடன் ஜே மதிப்பை 1 ஆக வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஆட்டோமேக் திட்டங்களில் பெரிய எழுத்து வி=1 என்றும், சிமேக் உருவாக்கிய மேக்ஃபைல்களில் வெர்போஸ்=1 என்றும் சேர்த்தால், கம்பைலர் எந்தெந்த விருப்பங்களோடு அழைக்கப்பட்டது என்ற முழுக் கட்டளையும் தெரியும். மேக்குக்குப் பதிலாகப் பயன்படும் நிஞ்சாவுக்குச் சிறிய வி போதும். வெளியீடு முழுவதையும் டீ கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, அதை மேலிருந்து கீழாகப் படித்து, 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தில் நில்லுங்கள். கணினியின் மொழி ஆங்கிலம் அல்லாத வேறொன்றாக இருந்தால், எல்சி_ஆல் மாறியைச் சி என்று வைத்து ஓட்டுவது நல்லது. மொழிபெயர்க்கப்பட்ட பிழைச்செய்திக்குத் தேடுபொறியில் விடை கிடைப்பது அரிது.

கருவிகளே இல்லாத நிலை

நூலகத்தைத் தேடப் புறப்படுவதற்கு முன், அதைக் கட்டும் கருவிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்த மூலநிரலில் பெரும்பாலும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருக்காது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் ஆகியவற்றை நிறுவி, ஆட்டோரீகான்ஃப் கட்டளையால் அதை உருவாக்க வேண்டும்.

இங்கே பலரையும் திசைதிருப்பும் பிழை ஒன்று உண்டு. கான்ஃபிகர் ஓடும்போது, ஸ்கிரிப்ட்டின் ஏதோ ஒரு வரியில் எதிர்பாராத சொல் இருப்பதாக ஷெல் ஒரு தொடரியல் பிழையைக் கொடுக்கும். அந்த வரியில் ஒரு நூலகத்தின் பெயரும் தெரியும். பார்ப்பவர் அந்த நூலகம்தான் இல்லை என்று நினைத்து அதை நிறுவுவார், பிழை அசையாது. உண்மையில் இல்லாதது, நூலகங்கள் எங்கே உள்ளன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி. அந்தக் கருவியோடு வரும் எம்4 மேக்ரோ கோப்பு இல்லாததால், விரிவடைந்திருக்க வேண்டிய பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்ற மேக்ரோ ஸ்கிரிப்ட்டுக்குள் அப்படியே தங்கிவிட்டது. கருவியை நிறுவி, ஆட்டோரீகான்ஃபை மறுபடி ஓட்டிய பிறகே கான்ஃபிகரை ஓட்ட வேண்டும்.

வேறு சில திட்டங்கள் தம் சார்புகளைக் கிட் சப்மாட்யூல்களாக, அதாவது உள்ளே இணைக்கப்பட்ட வேறு களஞ்சியங்களாக, வைத்திருக்கும். கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் மூலநிரல் ஸிப் கோப்பில் அந்தச் சப்மாட்யூல்கள் இடம்பெறுவதில்லை. அடைவு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. தேர்ட்_பார்ட்டி, எக்ஸ்டர்னல் போன்ற பெயருள்ள அடைவுகள் காலியாக இருந்தால், களஞ்சியத்தை ரிகர்சிவ் விருப்பத்தோடு நகலெடுங்கள். திட்டமே இதற்கென ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருப்பதும் உண்டு: ஜிசிசி கம்பைலரின் மூலநிரலில் கான்ட்ரிப் அடைவிலுள்ள டவுன்லோட்_ப்ரீரெக்விசிட்ஸ், ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகியவற்றைத் தானே இறக்கி உரிய இடத்தில் வைத்துவிடும். திட்டத்தின் இன்ஸ்டால் கோப்பைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இத்தகைய வழிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நிறுவியிருந்தும் இல்லை என்று சொல்வது ஏன்

அதிகம் எழும் குழப்பம் இதுதான். தரவைச் சுருக்கும் ஸெட்லிப் நூலகம் கணினியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஓடுகின்றன, ஆனால் கம்பைலரோ ஸெட்லிப்.எச் என்ற கோப்பு இல்லை என்கிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆல்பைன் ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் ஒரு நூலகத்தை இரண்டு பேக்கேஜ்களாகப் பிரிக்கின்றன. நிரல்கள் ஓடுவதற்குத் தேவையான பகுதி ஒன்றில் இருக்கும். புதிய நிரல்களைக் கட்டுவதற்குத் தேவையான ஹெடர் கோப்புகளும், பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் பி.சி. கோப்பும், லிங்கர் தேடும் எண்ணில்லாத எஸ்.ஓ. இணைப்பும் மற்றொன்றில் இருக்கும். டெபியன் குடும்பத்திலும் ஆல்பைனிலும் இரண்டாவது பேக்கேஜின் பெயர் டெவ் என்று முடியும். ஃபெடோரா குடும்பத்தில் டெவெல் என்று முடியும். ஆர்ச் லினக்ஸ் பொதுவாக இப்படிப் பிரிப்பதில்லை. அதனால் ஆர்ச்சுக்கென எழுதப்பட்ட குறிப்பைப் பின்பற்றி உபுண்டுவில் நிறுவுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

எண்ணில்லாத இணைப்பு என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். உண்மையான நூலகக் கோப்பின் பெயரில் முழுப் பதிப்பெண் இருக்கும். ஓடும் நிரல் கேட்பது லிப்ஸெட்.எஸ்ஓ.1 என்ற, முதன்மை எண் மட்டுமுள்ள பெயரை. லிங்கர் கேட்பதோ எண்ணே இல்லாத லிப்ஸெட்.எஸ்ஓ என்ற பெயரை, அல்லது அதே பெயரில் ஏ என்று முடியும், நிரலுக்குள்ளேயே சேர்க்கப்படும் நிலைத்த நூலகத்தை. டெவ் பேக்கேஜ் இல்லாவிட்டால் இந்தக் கடைசிப் பெயர் இருக்காது. எண்ணுள்ள கோப்புக்குக் கையால் ஒரு இணைப்பு உருவாக்கி லிங்கரைச் சமாதானப்படுத்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஹெடர் இன்னும் இல்லை, நாளை அந்தப் பேக்கேஜ் புதுப்பிக்கப்பட்டால் உங்கள் இணைப்பு எங்கும் சுட்டாமல் நிற்கும்.

எந்தப் பேக்கேஜ் என்று கண்டறிதல்

பேக்கேஜ் பெயரை ஊகிக்க வேண்டாம். ஸெட்லிப்பின் டெவ் பேக்கேஜுக்கு டெபியனில் ஸெட்லிப்1ஜி-டெவ் என்று பெயர். ஜேபெக் நூலகத்துக்கு டெபியனில் லிப்ஜேபெக்-டெவ், ஃபெடோராவில் லிப்ஜேபெக்-டர்போ-டெவெல். இவற்றை யாரும் ஊகித்துச் சொல்லிவிட முடியாது. பிழைச்செய்தியில் உள்ள கோப்பின் பெயரைக் கொண்டே தேடுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் ஏபிடி-ஃபைல் கருவியை நிறுவி, அதன் பட்டியலை ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, கோப்பின் பெயரைச் சர்ச் துணைக்கட்டளைக்குக் கொடுத்தால், நிறுவப்படாத பேக்கேஜ்களுக்குள்ளும் அது தேடிச் சொல்லும். ஏற்கெனவே நிறுவியவற்றுள் மட்டும் தேடுவதற்கு டிபிகேஜி கட்டளையின் பெரிய எஸ் விருப்பம் போதும். ஃபெடோராவில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் கட்டளைக்கு நட்சத்திரக் குறியும் சாய்கோடும் முன்னிட்ட கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். பிகேஜிகான்ஃபிக் என்ற சொல்லின் அடைப்புக்குறிக்குள் நூலகத்தின் பெயரை இட்டு, பேக்கேஜ் பெயரே தெரியாமலும் அங்கே நிறுவலாம். ஆர்ச்சில் பேக்மேனின் பெரிய எஃப் விருப்பம் இதே வேலையைச் செய்கிறது.

நீங்கள் கட்டும் நூலகத்தின் பழைய பதிப்பு வழங்கலின் களஞ்சியத்திலேயே இருந்தால், இத்தனை தேடலும் வேண்டியதில்லை. ஏபிடி பில்ட்-டெப், அல்லது டிஎன்எஃப் பில்ட்டெப், அந்தப் பழைய பதிப்பைக் கட்டுவதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே கட்டளையில் நிறுவிவிடும். புதிய பதிப்பின் தேவைகள் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். ஏபிடி இதைச் செய்ய, மூலநிரல் களஞ்சியங்களைக் குறிக்கும் டெப்-எஸ்ஆர்சி பதிவுகள் செயலில் இருக்க வேண்டும். என் கருத்தில், டெபியன் குடும்பத்தில் முதலில் முயல வேண்டிய கட்டளை இது; ஆனால் நிறுவல் குறிப்புகளில் இது அரிதாகவே சொல்லப்படுகிறது.

கட்டமைப்பு நிலையில் தோற்றால்

கான்ஃபிகர் திரையில் காட்டுவது ஒரு வரி. அதன் முழுக் கதை கான்ஃபிக்.லாக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் இறுதியில் மாறிகளின் நீண்ட பட்டியல் வருவதால், கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பட்டியலுக்கு மேலே சென்று, தோற்ற சோதனையின் பெயரைத் தேடுங்கள். அங்கே கான்ஃபிகர் எழுதிய சிறிய சி நிரலும், அதைக் கம்பைல் செய்த கட்டளையும், கம்பைலர் சொன்ன உண்மையான பிழையும் இருக்கும். 'நூலகம் இல்லை' என்று திரை சொன்னாலும், உண்மைக் காரணம் வேறாக இருப்பது அடிக்கடி நிகழ்கிறது: நூலகம் கிடைத்தது, ஆனால் அதற்குத் தேவையான இன்னொன்று கிடைக்கவில்லை, அல்லது நீங்கள் சிஃப்ளாக்ஸ் மாறியில் கொடுத்த ஒரு விருப்பத்தைக் கம்பைலர் ஏற்கவில்லை. சோதனை நிரல் எக்காரணத்தால் தோற்றாலும் கான்ஃபிகர் அதை 'இல்லை' என்றே முடிவுகட்டும்.

செய்தி பிகேஜி-கான்ஃபிக்கிலிருந்து வந்திருந்தால், அந்தக் கருவியையே நேரடியாகக் கேளுங்கள். எக்ஸிஸ்ட்ஸ், பிரின்ட்-எரர்ஸ் என்ற இரு விருப்பங்களோடு நூலகத்தின் பெயரைக் கொடுத்தால், எது இல்லை, எதற்காக அது தேவை என்று சொல்லும். மாட்வெர்ஷன் விருப்பம் கிடைத்த பதிப்பைச் சொல்லும். 'இன்னது தேவைப்படுத்தும் அன்னது இல்லை' என்ற பாணியில் விடை வந்தால், நீங்கள் நிறுவ வேண்டியது அந்த இரண்டாம் அடுக்கு நூலகத்தை. பி.சி. கோப்பு வழக்கமான அடைவுகளில் இல்லாமல், நீங்களே வேறோர் இடத்தில் நிறுவியதாக இருந்தால், அந்த அடைவைப் பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியில் சேர்க்க வேண்டும். ரூட் உரிமை தரும் சுடோ வழியாக ஓட்டும்போது இந்த மாறி பொதுவாகக் கைவிடப்படும். கட்டுவதைச் சாதாரணப் பயனராகவும், நிறுவுவதை மட்டும் சுடோ மூலமும் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிமேக்கில் தேடும் முறை சற்று வேறு. ஃபைண்ட்_பேக்கேஜ் கட்டளை, ஃபைண்ட் என்று தொடங்கும் கோப்பு ஒன்றைச் சிமேக்கின் சொந்தத் தொகுப்பிலோ திட்டத்துக்குள்ளோ தேடும். அல்லது நூலகமே நிறுவிச் சென்ற கான்ஃபிக் என்று முடியும் கோப்பைத் தேடும். வழக்கத்துக்கு மாறான இடத்தில் நூலகம் இருந்தால், அதன் மேல்அடைவைச் சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத் மாறியில் கொடுத்தால் போதும். ஹெடருக்கு ஒரு பாதை, நூலகத்துக்கு ஒரு பாதை என்று தனித்தனியாகக் கொடுப்பது பெரும்பாலும் தேவையற்ற வேலை. 3.17ஆம் பதிப்பு முதல் உள்ள டீபக்-ஃபைண்ட் விருப்பம், சிமேக் தேடிய ஒவ்வோர் இடத்தையும் அச்சிட்டுக் காட்டும்.

சிமேக்கைப் பொறுத்தவரை மறக்கக் கூடாத ஒன்று உண்டு: ஒருமுறை தேடியதன் முடிவைச் சிமேக்கேஷ்.டெக்ஸ்ட் கோப்பில் அது எழுதி வைக்கிறது. ஒரு சார்பை நிறுவிய பிறகும் சிமேக் பழைய பாதையையோ, பழைய பதிப்பையோ சொல்லிக்கொண்டிருந்தால், பில்ட் அடைவை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், 3.24ஆம் பதிப்பு முதல் ஃப்ரெஷ் விருப்பமே இதைச் செய்யும். சிமேக்கைப் போன்ற மற்றொரு கருவியான மெசானில் இதற்கு இணையானது வைப் விருப்பம். அதன் பதிவேடு பில்ட் அடைவுக்குள் மெசான்-லாக்ஸ் என்ற துணையடைவில் இருக்கும்.

எல்லாச் சார்புகளையும் நிறுவித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கான்ஃபிகருக்கு ஹெல்ப் விருப்பத்தைக் கொடுத்துப் பார்த்தால், வித்தவுட் அல்லது டிஸேபிள் என்று தொடங்கும் விருப்பங்கள் பல தெரியும். ஆவணங்களை உருவாக்க மட்டும் பயன்படும் ஒரு கருவிக்காக நேரம் செலவழிப்பதைவிட, அந்த அம்சத்தை அணைத்துவிடுவதே அறிவு.

கம்பைல் நிலையில் தோற்றால்

ஹெடர் இல்லை என்ற பிழைக்கு இரண்டே காரணங்கள்: கோப்பு கணினியிலேயே இல்லை, அல்லது இருக்கிறது, கம்பைலர் அங்கே பார்க்கவில்லை. முதலாவதற்கு மேலே சொன்ன தேடல் போதும். இரண்டாவதற்கு, ஜிசிசியைப் பெரிய இ, சிறிய வி விருப்பங்களோடு வெற்று உள்ளீட்டில் ஓட்டினால், ஹெடர்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலை வரிசையாக அச்சிடும். விடுபட்ட அடைவைச் சிபிபிஃப்ளாக்ஸ் மாறியில் பெரிய ஐ விருப்பத்தோடு சேர்த்து, கான்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். பைத்தான் நீட்சிகளைக் கட்டும்போது பைத்தான்.எச் இல்லை என்று வந்தால், பைத்தானின் டெவ் பேக்கேஜ் வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கான சைகாப்ஜி2 கட்டும்போது பிஜி_கான்ஃபிக் இல்லை என்று வந்தால், டெபியனில் லிப்பிக்யூ-டெவ் வேண்டும்.

லிங்க் நிலையில் தோற்றால்

இங்கே இருவகைப் பிழைகள் உண்டு. சிறிய எல் விருப்பத்தோடு ஒரு பெயரைக் குறிப்பிட்டு, அதைக் காணவில்லை என்று லிங்கர் சொன்னால், எண்ணில்லாத எஸ்.ஓ. கோப்பு அதற்குக் கிடைக்கவில்லை. டெவ் பேக்கேஜை நிறுவுங்கள், அல்லது எல்டிஃப்ளாக்ஸ் மாறியில் பெரிய எல் விருப்பத்தோடு அடைவைச் சேருங்கள். அதே இடத்தில், பொருந்தாத கோப்பைத் தவிர்ப்பதாக ஒரு வரி வந்தால், கோப்பு இருக்கிறது, ஆனால் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் இடையே முரண்பாடு. ஃபைல் கட்டளையை அந்த நூலகத்தின் மீது ஓட்டி உறுதி செய்துகொள்ளலாம்.

மற்றொரு வகை, ஒரு குறியீட்டுக்கு வரையறை கிடைக்கவில்லை என்பது. நூலகத்தின் பெயரே இச்செய்தியில் வராததால் இது கடினமானது. ஹெடர் கிடைத்துவிட்டது, கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் அந்தச் செயற்கூறின் உடல் எந்த நூலகத்திலும் இல்லை என்பது இதன் பொருள். நூலகத்தைக் கட்டளையில் சேர்க்க மறந்திருக்கலாம். நிலைத்த நூலகங்களில் வரிசையும் முக்கியம்: பயன்படுத்தும் கோப்பு முன்னும், பயன்படும் நூலகம் பின்னும் வர வேண்டும், எனவே சிறிய எல் விருப்பங்களை எல்டிஃப்ளாக்ஸில் திணிக்காமல் லிப்ஸ் மாறியில் கொடுங்கள். இவை இரண்டும் இல்லையென்றால், பெரும்பாலும் ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் நூலகம் மற்றொரு பதிப்பிலிருந்தும் வந்திருக்கும். கணினியில் ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல், யூஎஸ்ஆர் அடைவுக்குள் உள்ள லோக்கல் அடைவில் இன்னொன்று, செயலில் உள்ள காண்டா (தனிச்சூழல்களை அமைக்கும் பேக்கேஜ் மேலாளர்) சூழலுக்குள் மூன்றாவது என்று இருக்கும் கணினிகளில் இது சர்வசாதாரணம். காண்டா சூழலை டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி முயல்வதே பல நேரங்களில் போதுமான மருந்து. என்எம் கட்டளையைப் பெரிய டி விருப்பத்தோடு ஓட்டினால், ஒரு நூலகத்தில் அந்தக் குறியீடு உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சி++ நூலகங்களில், விடுபட்ட பெயருக்குள் சிஎக்ஸ்எக்ஸ்11 என்ற எழுத்துகள் தெரிந்தால், 2015இல் வெளியான ஜிசிசி 5 கொண்டுவந்த புதிய இருமநிலை அமைப்புக்கும் பழையதற்கும் இடையிலான மோதல் அது. சார்பு நூலகத்தையும் இதே கம்பைலரால் மறுபடி கட்டுவதே முறையான தீர்வு.

இயக்கும்போது தோற்றால்

நிறுவல் வெற்றி, ஆனால் நிரலை இயக்கியவுடன் பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்கிறது. நிரல் மீது எல்டிடி கட்டளையை ஓட்டினால், கிடைக்காதவற்றுக்கு நேரே 'நாட் ஃபவுண்ட்' என்று இருக்கும். நம்பகமற்ற கோப்புகள் மீது எல்டிடியை ஓட்டக் கூடாது, ஏனெனில் சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடலாம். அவற்றுக்கு ரீட்எல்ஃப் கட்டளையின் சிறிய டி விருப்பம் பாதுகாப்பானது.

நீங்களே கட்டிய நூலகம் லோக்கல் அடைவின் லிப் துணையடைவுக்குச் சென்றிருந்தால், முதலில் எல்டிகான்ஃபிக் கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டுங்கள். லோடர் பயன்படுத்தும் கேஷ் புதுப்பிக்கப்படும். ரெட்ஹாட் குடும்பத்தில் அந்த அடைவு லோடரின் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஈடிசி அடைவுக்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற அடைவில், பாதையை ஒரே வரியாக எழுதிய ஒரு சிறிய கோப்பை வைத்துவிட்டு எல்டிகான்ஃபிக்கை ஓட்ட வேண்டும். நூலகம் லிப்புக்குப் பதிலாக லிப்64 அடைவுக்குச் சென்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டு அடைவுக்குள் நிறுவியவர்கள், லிங்க் செய்யும்போதே ஆர்பாத் மூலம் பாதையை நிரலுக்குள் பதித்துவிடுவது சிறந்தது. எல்டி_லைப்ரரி_பாத் மாறி சோதனைக்கு நல்லது. அதை ஷெல்லின் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்தால், தொடர்பே இல்லாத வேறு நிரல்களும் உங்கள் நூலகத்தை எடுத்துக்கொண்டு உடையத் தொடங்கும். எந்தப் பாதையில் எதைத் தேடுகிறது என்று லோடரின் வாயாலேயே கேட்க, எல்டி_டீபக் மாறியை லிப்ஸ் என்று வைத்து நிரலை இயக்குங்கள்.

நூலகத்தின் முதன்மை எண் மாறியிருக்கும்போது, பழைய எண்ணின் பெயரில் புதிய கோப்புக்கு இணைப்பு உருவாக்கும் ஆலோசனையைப் பல இடங்களில் காணலாம். அதைச் செய்ய வேண்டாம். அந்த எண் மாறியதற்குக் காரணமே இரண்டும் ஒத்துப்போகாது என்பதுதான். நிரல் தொடங்கிவிடும், பிறகு எங்கோ தவறான தரவோடு விழும்.

பதிப்பு பழையதாக இருந்தால்

தேவைப்படும் பதிப்பு வழங்கலில் இல்லாவிட்டால், அந்தச் சார்பையும் மூலநிரலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும். அதைக் கணினியின் பேக்கேஜுக்கு மேலே எழுதாமல், ஆப்ட் அல்லது வீட்டு அடைவுக்குள் தனி ப்ரிஃபிக்ஸ் (நிறுவல் மேல்அடைவு) ஒன்றில் நிறுவி, பிகேஜி_கான்ஃபிக்_பாத் அல்லது சிமேக்_ப்ரிஃபிக்ஸ்_பாத் மூலம் சுட்டுங்கள். விதிவிலக்காக, அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி மட்டும் இந்த வழிக்கு வராது: கணினியின் ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதன் மீதே நிற்பதால், அதை மாற்ற முயல்வது ஷெல்லே திறக்காத நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஜிலிப்சியின் புதிய பதிப்பு வேண்டும் என்று பிழை வந்தால், புதிய வழங்கலுக்கு மாறுங்கள், அல்லது கன்டெய்னர் ஒன்றுக்குள் கட்டுங்கள்.

மேக்ஓஎஸ்ஸில்

முதலில் எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸ் வேண்டும். கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு அதை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். மேக்ஓஎஸ்ஸின் பேக்கேஜ் மேலாளரான ஹோம்ப்ரூ, ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் ஆப்ட் அடைவின் ஹோம்ப்ரூ துணையடைவிலும், இன்டெல் கணினிகளில் லோக்கல் அடைவிலும் நிறுவுகிறது. பழைய குறிப்புகள் இரண்டாவதையே அறியும். ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற சில நூலகங்களை ஹோம்ப்ரூ வேண்டுமென்றே பொதுப் பாதையில் இணைப்பதில்லை என்பதால், ப்ரூ ப்ரிஃபிக்ஸ் கட்டளை தரும் பாதையை நீங்களே கொடுக்க வேண்டும். எல்டிடியின் இடத்தில் ஓடூல் கட்டளையின் பெரிய எல் விருப்பம்.

பிழையே வராமல் விடுபடுபவை

இதுவரை சொன்னவை சத்தம் போட்டு நின்ற சார்புகள். விருப்பச் சார்புகள் அப்படி நிற்பதில்லை; அந்த அம்சத்தை மட்டும் விட்டுவிட்டு, கட்டுதல் வெற்றியாக முடிந்துவிடும். பைத்தானை மூலநிரலிலிருந்து கட்டுவது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹெடர்கள் இல்லாவிட்டாலும் பைத்தான் கட்டப்பட்டு, நிறுவப்பட்டு, ஓடவும் செய்யும். பிப் மூலம் எதையேனும் இறக்க முயலும்போதுதான் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று தெரியவரும். பைத்தான் 3.10 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது தேவை என்பதால், பழைய வழங்கல்களில் டெவ் பேக்கேஜ் இருந்தும் இதே விளைவு ஏற்படும். சிடைப்ஸுக்கு லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட்3 மாட்யூலுக்கு எஸ்க்யூலைட் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களும் இவ்வாறே தேவை.

எனவே மேக் முடிந்தவுடன் இன்ஸ்டாலுக்குத் தாவாமல், கட்டமைப்பின் இறுதியில் வரும் சுருக்கப் பட்டியலையும், பைத்தானில் மேக் இறுதியில் காட்டும் விடுபட்ட மாட்யூல்களின் பெயர்களையும் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய அம்சத்துக்கு நேரே 'நோ' என்று இருந்தால், அதன் டெவ் பேக்கேஜை நிறுவி, பில்ட் அடைவைத் துடைத்து, கட்டமைப்பிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். மேக்கை மட்டும் ஓட்டினால் பழைய முடிவே நிலைக்கும். விருப்பச் சார்பு ஒன்று உங்களுக்குக் கட்டாயமானது என்றால், அதற்குரிய வித் அல்லது எனேபிள் விருப்பத்தைக் கான்ஃபிகருக்கு வெளிப்படையாகக் கொடுங்கள். பல திட்டங்களில், அப்படிக் கேட்ட சார்பு கிடைக்காதபோது கான்ஃபிகர் மௌனமாகக் கடந்து செல்லாமல் அங்கேயே பிழையோடு நிற்கும். மேக் செக் அல்லது மேக் டெஸ்ட் இருந்தால் அதையும் ஓட்டுங்கள். பைத்தானாக இருந்தால், நிறுவிய பைத்தானையே திறந்து எஸ்எஸ்எல், சிடைப்ஸ், எஸ்க்யூலைட்3 ஆகியவற்றை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்து பாருங்கள். எஸ்எஸ்எல் மாட்யூலின் ஓப்பன்எஸ்எஸ்எல்_வெர்ஷன் மதிப்பை அச்சிட்டால், நீங்கள் சுட்டிய ப்ரிஃபிக்ஸிலுள்ள பதிப்போடுதான் அது இணைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.